வயதான பெற்றோரை முதல்முறையாக வெளிநாடு அழைத்துப் போக எந்த நாடு சரி?

மலேசியா. அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதில் அவ்வளவுதான்.

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: அப்பா அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, விமானம் ஏறியதில்லை, தமிழ் தவிர வேறு பேச்சு தெரியாது, சுவிட்சர்லாந்தா பாலியா துபாயா என்று குழப்பம், சொந்தக்காரர்களோ "ஏன், ஒகேனக்கல் போதாதா?" என்கிறார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறவராக இருக்க வேண்டும். ஊரில் அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மா மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள், எனக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம் அப்படித்தான்.

நான் கிருஷ்ணகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறந்த வீடு பாலக்கோடு பக்கம், தக்காளிக் காடு. புகுந்த வீடு சந்தூர் பக்கம், மாந்தோப்பு. போன வருஷம் ஆவணியில் அம்மாவையும் அத்தையையும், அதாவது மாமியாரையும், கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போய் வந்தேன். வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. ஆண்துணை இல்லாமல் மூன்று பொம்பளைகள் விமானம் ஏறப் போகிறோம் என்பது தெரிந்ததும் தெருவில் பேசாதவர்கள் கூடப் பேசினார்கள். "தையல்காரிக்கு ஃபாரின் கேக்குதா" என்று ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். ஏலச்சீட்டு எடுத்த பணம் அது, யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. இங்கேயும் கீழே அப்படி எழுத ஆள் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏன் மலேசியா? எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையன் அப்பா அம்மாவை ஐரோப்பா குரூப் டூரில் அனுப்பினான். நல்ல பையன், குறை சொல்லவில்லை. ஷெங்கன் விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ, விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அதெல்லாம் கட்டிப் போய், பனிமலை முன்னால் நின்று எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்டால், பஸ்ஸில் உட்கார்ந்தது, இறங்கச் சொன்னால் இறங்கியது, ஏறச் சொன்னால் ஏறியது, இதுதான் கதை. கக்கூஸ் எங்கே என்று கேட்கக்கூட கைடு முகத்தைப் பார்க்க வேண்டியிருந்ததாம்.

எங்கள் அம்மா பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு கூடைக்குக்கூட ஏமாறாத ஆள். ஏலம் கேட்கிறவன் வாயைத் திறக்கும்போதே விலையைக் கணித்துவிடுவார். அப்படிப்பட்டவரை ஏதோ ஒரு தேசத்தில் கொண்டுபோய் வாயில்லாப் பூச்சி ஆக்கிவிட்டு, அதற்கு லட்சக்கணக்கில் செலவும் பண்ணுவதா? நான் பார்த்தது இதைத்தான். எங்கே போனால் அவர் தானே கேட்டு, தானே பேரம் பேசி, பிடிக்கவில்லை என்றால் தானே சண்டையும் போட முடியும்? சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழியே, ஆனால் தங்குகிற செலவு எனக்குக் கட்டாது. இலங்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை இருக்கலாம். 2026 முடியும் வரை இந்தச் சலுகை என்று அறிவித்திருக்கிறார்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் போலி.

இப்போது பாஸ்போர்ட். ஒரு ஏஜென்ட், பெயர் வேண்டாம், என்னைப் பயமுறுத்திய விதம் இருக்கிறதே! "ரெண்டு பேருமே பத்தாவது பாஸ் இல்ல. இ.சி.ஆர். முத்திரை விழும். ஏர்போர்ட்ல இறக்கி விட்டுடுவான். அதை நான் கிளியர் பண்ணித் தர்றேன், ஆளுக்கு இவ்ளோ ஆகும்" என்று ஒரு தொகை சொன்னார். இந்த இ.சி.ஆர். மகாபலிபுரம் போகிற ரோடு இல்லை. பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஏமாற்றப்படக் கூடாது என்று அரசாங்கம் வைத்திருக்கிற சோதனை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது. வயது குறைந்தவராக இருந்து பாஸ்போர்ட்டில் அது இருந்தாலுமே, சுற்றுலா போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை, 2007-லேயே எடுத்துவிட்டார்கள். திரும்பி வருகிற டிக்கெட்டும் தங்குகிற இடத்தின் ரசீதும் கையில் இருந்தால் போதும். இதையெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டு அவர் முன்னால் போய்ச் சொன்னபோது, "அப்ப நீங்களே பண்ணிக்கோங்க மேடம்" என்றார். பண்ணிக்கொண்டேன். முப்பத்தாறு பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், அறுபது தாண்டியவர்களுக்கு அதிலும் பத்து சதவீதம் குறைவு. பத்து வருஷம் செல்லும்.

பெயரில் மட்டும் கவனம். ஆதாரில் ஒரு எழுத்து, வாக்காளர் அட்டையில் ஒரு எழுத்து என்று இருந்தால் முதலில் அதைச் சரிபண்ணுங்கள். இன்ஷியலை விரித்து, அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் அமீரகம் சொல்லி, பிறகுதான் கொஞ்சம் தளர்த்தினார்கள். நீங்கள் துபாயும் யோசிப்பதால் சொல்கிறேன்.

விமானம் பெங்களூரிலிருந்து. ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து விமான நிலையம் இருக்கிற தேவனஹள்ளி போய்ச் சேர்வது தனிப் பயணம். அத்திப்பள்ளி தாண்டினால் ஊர்வலம்தான், அதற்கப்புறம் பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்காக முழுசாகக் கடக்க வேண்டும். வாடகைக் காருக்குக் கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒரு மாவட்டத் தலைநகரம், தேசிய நெடுஞ்சாலைகள் வந்து கூடுகிற ஊர், ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியது, அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூர் தர்மபுரி பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024-ல் சட்டசபையில் அறிவித்தார்கள். என் பேத்தி காலத்திலாவது வரட்டும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

கோலாலம்பூர் குடியேற்றக் கவுண்டரில் விரல் ரேகை வைக்க வேண்டும். அத்தைக்கு ரேஷன் கடையிலேயே ரேகை விழாது, மண்ணில் தேய்ந்த கை. எனக்குப் படபடவென்று அடித்துக்கொண்டது. கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, தமிழிலேயே, "பயப்படாதீங்கம்மா, கையைத் துணியில துடைச்சிட்டு அழுத்தி வைங்க" என்றாள். விழுந்துவிட்டது. "இந்தப் புள்ளைய நம்ம ரேசன் கடைக்கு மாத்தல் பண்ணி அனுப்பச் சொல்லு" என்று அத்தை சத்தமாகச் சொன்னார், அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். அதோடு அத்தைக்குப் பயம் விட்டுப்போனது.

பத்துமலை முருகன் கோயிலுக்கு, கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து நேராக ரயில் இருக்கிறது, கோயில் வாசலிலேயே நிற்கும். முருகன் சிலை 140 அடி, 2006-ல் திறந்தது. அண்ணாந்து பார்த்துவிட்டு அத்தை சொன்ன முதல் வார்த்தை: "நம்ம புத்திரகவுண்டன்பாளையத்துல இதைவிடப் பெருசு." உண்மைதான். ஆத்தூர்ப் பக்கம் முத்துமலையில் 2022-ல் திறந்த சிலை 146 அடி. இரண்டையும் செய்தவர் ஒரே ஸ்தபதி, திருவாரூர்க்காரர். அப்படியிருக்க ஆறடி குறைந்த சிலையைப் பார்க்க இவ்வளவு செலவா என்று உங்கள் சொந்தக்காரர்களும் கேட்பார்கள். சிலையை மட்டும் பார்க்கப் போவதென்றால் ஆத்தூருக்கே போங்கள்.

குகைக்கு 272 படி. அத்தை கீழேயே செருப்பைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு ஏறினார். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம். அம்மாவுக்கு முட்டி வலி, கீழேயே உட்கார்ந்துகொண்டார். நாங்கள் தரிசனம் முடித்து இறங்கி வந்து பார்த்தால் விட்ட இடத்தில் ஆள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பூக்கடையில், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைக்காரம்மாவோடு சேர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க போயிட்ட?" என்றால், "நீங்க வர நேரம் ஆச்சு, சும்மா எவ்ளோ நேரம் உக்கார்றது?" என்கிறார்.

அந்தப் பூக்கடை அம்மா தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகு இங்கே வந்துவிட்டார். அவருடைய தாத்தா, தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணி கூட்டிக்கொண்டு வந்து கப்பல் ஏறியவர். "எந்த ஊரு?" என்று அம்மா கேட்டிருக்கிறார். "சேலம் ஜில்லான்னு சொல்வாங்கக்கா. அதுக்கு மேல தெரியாது." தர்மபுரி சேலத்திலிருந்து பிரிந்ததே 1965-ல், கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004-ல். அதனால் அந்தக் காலத்தில் கப்பல் ஏறியவர்களுக்கு நாமக்கல்லிலிருந்து ஓசூர் வரை எல்லாமே சேலம் ஜில்லாதான். அம்மா விடவில்லை. "குலசாமி யாரு?" "முனியப்பன்." அவ்வளவுதான், அம்மா முடிவு கட்டிவிட்டார்: "அப்ப பென்னாகரம் பக்கந்தான். அக்ரகாரத்து முனியப்பனாத்தான் இருக்கும்." நம் பக்கம் ஏரிக்கு ஒரு முனியப்பன் இருக்கிறாரே அம்மா என்றேன். காதில் வாங்கவில்லை. அந்த அம்மாவும் கேட்கத் தயாராக இல்லை. பூவுக்குக் காசு வாங்கவில்லை, மதியம் அவர் வீட்டுச் சோற்றைத்தான் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மிளகு ரசமும் கருவாட்டுக் குழம்பும். இப்போது வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். போன தையில் இங்கே எருதாட்டம் நடந்ததை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அம்மா என் உயிரை எடுத்தார்.

இரட்டைக் கோபுரம் பார்த்தோம், 452 மீட்டர், கீழே நின்றால் கழுத்து வலிக்கும், போட்டோ எடுத்தோம், முடிந்தது. கெந்திங் மலைக்கு ரோப்கார், அத்தை கண்ணை மூடிக்கொண்டே போய் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். சாப்பாட்டுக்கு, நம் ஆட்கள் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்குப் போனால் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல், ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்க்காதீர்கள் என்று பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை, பெருக்கத்தான் செய்வார்கள்.

அப்படிப் பெருக்கியதில்தான் ஒரு சங்கடம். சூப்பர் மார்க்கெட்டில் டின்னில் அடைத்த மாம்பழச் சாறு. அத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை எவ்வளவு என்று கேட்டு, ரூபாயில் கணக்குப் போட்டு, அப்படியே நின்றுவிட்டார். அந்த வருஷம், 2025 சீசனில், பெங்களூரா மாங்காய் கிலோ நாலு ரூபாய், அஞ்சு ரூபாய்க்கு இறங்கியது. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டவர்கள் எத்தனை பேர். எங்கள் தோப்பிலும் பாதிக்கு மேல் அழுகிக் கொட்டியது. மாம்பழக் கூழ் பேக்டரி வாசலில் ராத்திரி பூரா டிராக்டர் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர் என் வீட்டுக்காரர். தக்காளிக்கும் இதே கதி, மாங்காய்க்கும் இதே கதி, விளைகிறவனைத் தவிர எல்லாரும் பிழைக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும். அந்த டின்னை அத்தை வாங்கவும் இல்லை, அன்று சாயங்காலம் வரை பேசவும் இல்லை.

"மலேசியாவெல்லாம் ஃபாரினா, அங்கே நம்ம ஆட்கள்தானே" என்று எழுதப் போகிறவர்களுக்கு: அதற்காகத்தான் போனோம். ஐரோப்பா போய் வந்து பெற்றோர் மகிழ்ந்தார்கள் என்றால் நல்லது, உங்கள் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும், குளிர் தாங்கும். மலேசியாவில் வாழும் தமிழர்களுக்குக் கஷ்டமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை; சுற்றிப் பார்க்கப் போனவளுக்கு எவ்வளவு தெரியும்.

தைப்பூசத்தின்போது மட்டும் வயதானவர்களைப் பத்துமலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், லட்சக்கணக்கில் கூட்டம். அம்மாவையும் மாமியாரையும் ஒரே அறையில் தங்க வைக்கலாமா என்று என் தோழி கேட்டாள். வைக்கலாம். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து என்னைக் குறை சொல்லிக்கொண்டு நன்றாகத் தூங்கினார்கள்.

அடுத்தது கதிர்காமம் என்று இரண்டு பேரும் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொழும்பில் இறங்கி முட்டி வலிக்காரர்களோடு கதிர்காமம் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், காரா ரயிலா, வழியில் எங்கே தங்கினீர்கள் என்று கீழே எழுதுங்கள்.