ஜெல்லி மீன் பட்ட கோடு மறுபடி சிவப்பது ஏன்?

கேள்வி: ராமேஸ்வரம் கடலில் குளித்தபோது என் 12 வயது மகளின் கெண்டைக்காலில் ஜெல்லி மீன் பட்டுவிட்டது. சாட்டையால் அடித்தது போல மூன்று கோடுகள். மணலைப் போட்டுத் தேய்த்து, குடிதண்ணீரில் கழுவினோம். எரிச்சல் இரண்டு நாளில் அடங்கியது. 11-ஆம் நாள் அதே கோடுகள் தடித்து அரிக்கின்றன. விஷம் உள்ளே தங்கிவிட்டதா? தழும்பு மறையுமா?

பதில்: பயப்படாதீர்கள், விஷம் தங்கவில்லை. முதல் நாள் எரிந்தது விஷத்தால். இப்போது அரிப்பது அந்த விஷத்தை அடையாளம் வைத்துக்கொண்ட உங்கள் மகளின் எதிர்ப்பு சக்தியால். ஒன்றிரண்டு வாரம் கழித்து இப்படித் திரும்ப வருவது எங்களுக்குப் பழக்கமானதுதான்.

மீனவர்கள் சொறி என்று சொல்லும் இந்த உயிரினத்தின் இழைகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணிய குப்பி, அதற்குள் சுருண்டு கிடக்கும் முள்நூல். தோல் பட்டதும் நூல் பாய்ந்துவிடும். இதன் உறவுக்கார உயிரான ஹைட்ராவில் அளந்தபோது, முள் பாய ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மேல்தோலைத் துளைத்து இறங்கும் விஷப் புரதங்கள் செல்களின் சவ்வில் ஓட்டை போடுகின்றன. வலியும் வீக்கமும் கொப்புளமும் அதனால்தான். கோட்டை உற்றுப் பாருங்கள்: பல நேரம் மணி கோர்த்தது போல விட்டுவிட்டு இருக்கும். இழையில் செல்கள் கொத்துக் கொத்தாக இருப்பது அப்படியே தோலில் பதிகிறது. பெட்டி ஜெல்லி மீன் (பெட்டி போன்ற உடலும் கடும் விஷமும் கொண்ட வகை) பட்டால் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகளும் தெரியும்.

பட்டவுடன் எல்லாக் குப்பிகளும் வெடிப்பதில்லை. தோலில் ஒட்டிய மிச்சத்தை மணலும் நல்ல தண்ணீரும்தான் வெடிக்க வைக்கின்றன. அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். இனி நேர்ந்தால் கடல் தண்ணீரையே ஊற்றி, இழையை இடுக்கியால் எடுத்து, 45 டிகிரியைத் தாண்டாத சுடுதண்ணீரில் பட்ட காலை 20 நிமிடம் வையுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பார்த்துவிடுங்கள். வினிகர் பெட்டி ஜெல்லி மீனுக்கு நல்லது, வேறு சில வகைகளில் நிலைமையை மோசமாக்கும். அதனால் எது பட்டது என்று தெரியாமல் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், கண்ணில் படுதல், இதில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைதான்.

சரி, இப்போதைய அரிப்புக்கு வருவோம். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீமைச் சில நாள் தடவினால், கூடவே அரிப்பு மாத்திரையும் கொடுத்தால், பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வீரியமான க்ரீம் மட்டும் வேண்டாம். குழந்தையின் தோலை அது மெலிய வைத்துவிடும், அந்தச் சேதத்தைச் சரிசெய்வது கோட்டை மறைய வைப்பதைவிடக் கஷ்டம். சுண்ணாம்பு, எலுமிச்சை எதுவும் வைக்காதீர்கள்.

கோட்டில் தெரியும் பழுப்பு நிறம் தழும்பு அல்ல, வீக்கம் விட்டுச்சென்ற நிறமி. நம் மாநிறத் தோலில், அதுவும் காலில், மறைய மாதக்கணக்கில் ஆகும். சொறியாமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் தானாக மங்கும். கோடு மேடாகிக் கெட்டிப்பட்டால் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அது கெலாய்டாக, அதாவது அளவு மீறி வளரும் தழும்பாக இருக்கலாம்; ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் நல்ல பலன் கிடைக்கும். அப்புறம், ஒருமுறை பட்ட உடம்பு அடுத்த முறை இன்னும் அதிகமாகக் கிளர்ந்தெழலாம். கடலில் இறங்கும்போது கணுக்கால் வரை மூடும் இறுக்கமான உடுப்பைப் போட்டுவிடுங்கள்.