சிறுவயதில் வந்த குடல் அழற்சி: புற்றுநோய் ஆபத்து யாருக்கு, எப்போது?

என் மகனுக்கு 11 வயதில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் புண் வரும் அழற்சி நோய்) வந்தது. இப்போது 19. மாத்திரையில் நன்றாக இருக்கிறான். டாக்டர் கொலனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எடுக்கச் சொல்கிறார். எதற்கு?
மன்னார்குடி வாசகி

நன்றாக இருக்கும்போதுதான் அம்மா எடுக்க வேண்டும். அழற்சி கிளம்பியிருக்கும் நேரத்தில் எடுத்தால், பயாப்சியில் (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பதில்) தெரிவது புண்ணால் வந்த மாற்றமா, புற்றுக்கு முந்தைய மாற்றமா என்று பிரித்துச் சொல்வது கடினம். நோய் தொடங்கிச் சுமார் 8 ஆண்டு ஆனதும் புற்றுநோய்க்கான முதல் கண்காணிப்புப் பரிசோதனை. ரத்தம் போக ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணுங்கள். மூலம் என்று நினைத்து வைத்தியம் பார்த்த மாதங்களும் கணக்கில் சேரும்.

இதில் வயதைவிட நோயின் வயதுதான் முக்கியம். பிள்ளைகளுக்கு வரும்போது பெரும்பாலும் பெருங்குடல் முழுக்கப் பரவியிருக்கும். 30 வயதிலேயே 20 வருட நோயாகிவிடும். எத்தனை வருடம், எவ்வளவு தூரம் பரவியது, அழற்சி எவ்வளவு கடுமை, நெருங்கிய ரத்த உறவில் குடல் புற்று உண்டா, பித்தநாளச் சுருக்க நோய் (கல்லீரலிலிருந்து பித்தம் வரும் குழாய்கள் சுருங்குவது) உண்டா என்று பார்த்துத்தான் அடுத்த பரிசோதனை 1 வருடத்திலா, 5 வருடத்திலா என்று முடிவாகும். அதனால் முதல் ரிப்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். தஞ்சாவூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று சிதறிப்போனால் கணிக்க எதுவும் மிஞ்சாது.

இந்த நோய் வந்து 30 வருடத்தில் 18 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று படித்தேன். தூக்கமே போய்விட்டது.
பாபநாசம் வாசகர், வயது 26

அது 2001இல், பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருக்கிறது. சுவீடனில் சிறுவயதில் குடல் அழற்சி வந்த 9405 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 556 பேரை ஒரு வருடம் கவனித்தால், மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒருவருக்கு ஏதோ ஒரு புற்றுநோய். உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் குடல் புற்று ஆபத்து பல மடங்குதான். ஆனால் இந்த வயதில் குடல் புற்று மிக அரிது என்பதால், பெருக்கினாலும் சின்ன எண்தான். மாத்திரையை நிறுத்தாதீர்கள். அழற்சி அடங்கியிருப்பதே பெரிய பாதுகாப்பு.

மகளுக்கு மலக்குடலில் மட்டும்தான் புண். அவளுக்கும் இதெல்லாம் வேண்டுமா?
பட்டுக்கோட்டை வாசகர்

அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து கூடுவதில்லை. பிள்ளைகளிடம் மேலே பரவவும் கூடும் என்பதால், 8 ஆண்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கொலைட்டிஸோடு பித்தநாளச் சுருக்க நோயும் இருக்கிறது. வருடா வருடம் வரச் சொல்கிறார்கள்.
கும்பகோணம் வாசகி, வயது 22

போங்கள், தவறவிடாதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். 8 ஆண்டு காத்திருக்கும் விதி உங்களுக்குக் கிடையாது. பித்தநாள நோய் தெரிந்த அன்றிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை. குடலில் தொந்தரவே இல்லாவிட்டாலும் இப்படித்தான்.

ஸ்கேன், மலப் பரிசோதனை போதாதா? இல்லை, சம்பா அறுவடை முடிந்து கொலனோஸ்கோபிக்குப் போகலாமா?
திருவையாறு வாசகர்

மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் அழற்சி தெரியும், புற்று தெரியாது. இந்த நோயில் வரும், புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் பல நேரம் தட்டையாக, குடல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும்; ஸ்கேனில் படாது. அவை தெளிவாகத் தெரிய, கொலனோஸ்கோபியின்போது சாயம் தெளித்துப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள்.

தொந்தரவு இல்லையென்றால் அறுவடை முடிந்து போகலாம், ஒன்றிரண்டு மாதத்தில் எதுவும் கெட்டுவிடாது. ரத்தம் போனாலோ, எடை குறைந்தாலோ, ரத்தசோகை வந்தாலோ அறுவடையை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு உடனே கிளம்புங்கள்.