வாத்தியார்கிட்ட கேளுங்க: புள்ளைங்க படிப்பு பத்தி ரெண்டு நாள் கேள்வி பதில்

வணக்கம். அரசு நடுநிலைப்பள்ளில 31 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். சனி ஞாயிறு ரெண்டு நாளும் இங்கதான் இருப்பேன், கேளுங்க. தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் திட்டவும் செய்வேன், கோச்சுக்காதீங்க.

திருப்பூர் அம்மா: சார் என் பொண்ணு நாலாவது படிக்கிறா. அபாகஸ், பரதம், கீபோர்டு, இந்தி டியூஷன் எல்லாம் சேத்து விட்டிருக்கேன், எல்லாத்துலயும் நல்லா வரணும்னுதான். ஆனா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு இருக்கா. நான் பண்றது சரிதானா?

ஏம்மா, அவ எப்பம்மா விளையாடுவா? ஸ்கூல் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதே நாலரை, அதுக்கு மேல நாலு கிளாஸ்னா பெரியவங்களுக்கே சிடுசிடுப்பு வரும். அபாகஸ் கெட்டதுன்னு சொல்லல, கூட்டல் கழித்தல்ல வேகம் வரும், ஆனா வேகம்தான் கணக்குன்னு நினைச்சுக்காதீங்க. நாலுல எது நிறுத்துனா அழுவான்னு பாருங்க. அதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க.

பிளஸ் ஒன் பையன்: சார் எங்க ஸ்கூல்ல ஆகஸ்ட் மாசமே பிளஸ் டூ போர்ஷன் ஆரம்பிச்சுட்டாங்க. பிளஸ் ஒன் புக்கை தொடவே வேணாம், பப்ளிக்தான் இல்லையேன்னு சொல்றாங்க. இது ஓகேவா?

ஓகே இல்ல தம்பி. இது பழைய வியாதி. பிளஸ் ஒன்னுக்கு பப்ளிக் இல்லாத காலத்துல நிறைய தனியார் பள்ளிங்க இதையேதான் பண்ணாங்க, ரெண்டு வருஷமும் பிளஸ் டூ புக்கையே உருட்டி சென்டம் வாங்க வச்சாங்க, அந்தப் பசங்க காலேஜ் முதல் வருஷத்துல உக்காந்து முழிச்சாங்க. அதுக்காகத்தான் 2017-18ல பிளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் கொண்டு வந்தாங்க. 2025ல மாநிலக் கல்விக் கொள்கை வந்தப்ப பசங்களுக்கு பிரஷர் அதிகமா இருக்குன்னு அதை எடுத்துட்டாங்க, எடுத்தது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பழைய ஆட்டம் திரும்ப வரும்னு அப்பவே பயந்தேன். வெக்டார், நியூட்டன் விதி எல்லாம் பிளஸ் ஒன் பிசிக்ஸ்லதான் இருக்கு. நீட், ஜேஇஇ எதுக்குப் போனாலும் பிளஸ் ஒன் பாடத்துல இருந்தும் கேப்பாங்க. ஸ்கூல் நடத்தலைனா நீயே தினம் ஒரு மணி நேரம் அந்த புக்கை எடுத்து வச்சு படி, புக் பேக் கேள்விக்கு பதில் எழுதறதோட நிறுத்தாம நடுவுல இருக்குற எடுத்துக்காட்டு கணக்கை விடையை மூடி வச்சு போட்டுப் பாரு.

புது டீச்சர், விழுப்புரம் பக்கம்: ஐயா, எட்டாவது பசங்களுக்கு சதவீதம், விகிதம் எல்லாம் எத்தனை தடவை நடத்துனாலும் பரீட்சைக்கு மறுநாள் மறந்துடுறாங்க. ஏதாவது ஐடியா குடுங்க.

இது எனக்குப் புடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். ஒரு வருஷம் எட்டாவது பசங்களை வீட்டு கரண்ட் பில் கொண்டு வர சொன்னேன். ஒருத்தன் வீட்ல 490 சொச்சம் யூனிட், இன்னொருத்தன் வீட்ல 510 சொச்சம், ரெண்டு வீட்லயுமே ரெண்டு ரெண்டு குடித்தனத்துக்கு ஒரே இ.பி. கார்டு, அதான் அவ்வளவு. யூனிட்ல இருபதுதான் வித்தியாசம், ஆனா காசுல பாத்தா எங்கேயோ இருக்கு. கிளாஸே கத்துது, சார் ரீடிங் எடுக்குறவரு தப்பா எழுதிட்டாருன்னு. நான் ஒன்னும் சொல்லல, ரேட் அட்டவணையை மட்டும் போர்டுல எழுதிப் போட்டுட்டு போய் உக்காந்துட்டேன். அப்ப இருந்த அட்டவணைப்படி ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ, அதுக்கு மேல படிப்படியா ரேட் ஏறும், ஆனா மொத்தம் 500 தாண்டிட்டா மேல இருக்குற யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ 100 தாண்டின யூனிட்டுக்கும் ரேட் மாறிடும். இதைக் கண்டுபுடிக்க அவனுங்களுக்கு ரெண்டு பீரியட் ஆச்சு, கடைசி பெஞ்சுல எப்பவும் தூங்குற ஒருத்தன்தான் முதல்ல புடிச்சான். அதோட விடல, அந்த 510 வீட்டுப் பையன் அடுத்த ரெண்டு மாசமும் சாயங்காலம் சாயங்காலம் மீட்டரைப் பாத்து நோட்ல எழுதி வச்சு, 470 வந்ததும் ஹவுஸ் ஓனர்கிட்ட போய் மோட்டாரைக் கொஞ்சம் கம்மியா போடுங்கன்னு சொல்லியிருக்கான். அவர் என்கிட்ட வந்து, உங்க பையன் எனக்கே கணக்கு சொல்றான்னு சிரிச்சுட்டுப் போனாரு. அவனுக்கு சதவீதம் மறக்குமா சொல்லுங்க? போர்ஷன் ரெண்டு பீரியட் பின்னாடி போச்சு, ஹெச்.எம். கிட்ட திட்டும் வாங்குனேன், அது வேற கதை.

மதுரை அப்பா: சார் பையன் பத்தாவது முடிச்சுட்டான், மெஷின்ல ரொம்ப ஆர்வம், ஐடிஐ போறேன்றான். சொந்தக்காரங்க எல்லாம் மானம் போச்சுன்றாங்க.

சொந்தக்காரங்களா ஃபீஸ் கட்டப் போறாங்க? ஐடிஐ போகட்டும், இல்ல பாலிடெக்னிக்ல மூணு வருஷம் டிப்ளமோ போடட்டும், டிப்ளமோ முடிச்சா லேட்டரல் என்ட்ரில நேரா பி.இ. ரெண்டாவது வருஷம் சேரலாம். வழி ஒன்னும் அடைபடல. ஒன்னு மட்டும் சொல்லுங்க அவன்கிட்ட, கைவேலை நல்லா வருதுன்னு இங்கிலீஷையும் வாசிக்கிறதையும் விட்டுடாத, மெஷின் மேனுவல் எல்லாம் இங்கிலீஷ்லதான் வரும்.

கோவை: எங்க ஸ்கூல்ல பி.டி. பீரியடை எல்லாம் மேத்ஸ் மிஸ் எடுத்துக்குறாங்க, பேரன்ட்ஸ் மீட்டிங்ல கேட்டா ரிசல்ட் வேணுமா வேணாமான்றாங்க.

இந்தப் பாவத்தை நானும் பண்ணியிருக்கேன், ஒத்துக்குறேன். மார்ச் வந்தா கை அரிக்கும். ஆனா நான் பாத்த வரைக்கும் வெயில்ல ஓடிட்டு வந்து தண்ணி குடிச்சுட்டு உக்காந்தவனுக்கு ஏறுன கணக்கு, பீரியடைப் பறிகொடுத்த கடுப்புல உக்காந்திருந்தவனுக்கு ஏறல. மீட்டிங்ல தனியா கேட்டா வேலைக்காகாது, பத்து பேரா சேந்து கேளுங்க.

தாத்தா, தஞ்சாவூர்: எங்க காலத்துல வாத்தியார் அடிச்சு வளர்த்தாரு, ஒழுங்கா இருந்தோம். இப்ப புள்ளைங்களுக்கு பயமே இல்ல. கண்டிப்பு இல்லாத படிப்பு ஒரு படிப்பா?

ஐயா, நானும் ஆரம்பத்துல பிரம்பு வச்சிருந்தவன்தான். கல்வி உரிமைச் சட்டம் 2010ல நடைமுறைக்கு வந்தப்புறம் அடிக்கிறது சட்டப்படியே தப்பு, ஆனா நான் அதுக்கு முன்னாடியே விட்டுட்டேன். அடி வாங்குன ஒரு பையன் அன்னைலேர்ந்து தப்பா போட்ட கணக்கை எல்லாம் அழிச்சுட்டு வெறும் நோட்டை காட்ட ஆரம்பிச்சான். எங்க தப்பு பண்றான்னே தெரியாம நான் எதை சொல்லிக் குடுக்குறது? கண்டிப்பு வேணும்தான், வீட்டுப்பாடம் முடிக்காம விளையாடப் போகாதேன்னு சொல்றது கண்டிப்பு. பிரம்பு வேற.

சேலம்: பையன் ஆறாவது, புக்கே தொட மாட்டேங்கிறான், எப்பவும் ஃபோன்தான்.

நீங்க வீட்ல என்ன வாசிக்கிறீங்க? சும்மா கேட்டேன். ஊர் நூலகத்துல மெம்பர் ஆக்கி விடுங்க, அவனே புக் எடுக்கட்டும், பேய்க்கதை எடுத்தாலும் விடுங்க. துளிர்னு சிறுவர் அறிவியல் பத்திரிகை வருது, அரசுப் பள்ளின்னா தேன்சிட்டு ஸ்கூலுக்கே வரும், வாங்கி பீரோவுல பூட்டி வைக்காம இருந்தா சரி. பாட்டி இருந்தா தினம் பேப்பரை சத்தமா வாசிச்சுக் காட்ட சொல்லுங்க. புரியலைனு பாட்டி நடுவுல கேப்பாங்க பாருங்க, அதுக்கு பதில் சொல்றப்பதான் அவனுக்கே புரியும்.

திருப்பூர் அம்மா (ஞாயிறு சாயங்காலம்): சார் நேத்து கேட்டேனே, பரதத்தை நிறுத்துனாத்தான் அழுவேன்னுட்டா. அதை வச்சுக்கிட்டு இன்னைக்கு அபாகஸ் கிளாஸுக்கு அனுப்பல. காலைலேர்ந்து ஃபேனைப் பாத்துக்கிட்டு படுத்திருக்கா, போரடிக்குதுன்றா. என்ன பண்றது?

ஒன்னும் பண்ணாதீங்கம்மா. டிவி ரிமோட்டையும் ஃபோனையும் மட்டும் எடுத்து வச்சுட்டு நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க.