மாதச் சாமான் செலவு 1,100 சிங்கப்பூர் வெள்ளி: எங்கே குறைக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், தொடக்கப்பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், 67 வயது மாமியார். எல்லோரும் குடிமக்கள். மாதம் ஒருமுறை முஸ்தஃபா கடையில் அரிசி, பருப்பு, மசாலா சாமான் வாங்குவோம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன், காய்கறி. மீதியைக் கீழே உள்ள பேரங்காடியில் அவ்வப்போது வாங்கிக்கொள்வோம். முன்பெல்லாம் 800 வெள்ளிக்குள் முடிந்தது, இப்போது 1,100ஐத் தொடுகிறது. பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைக்காமல் எப்படிக் குறைப்பது? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய் வாங்கிவரலாம் என்கிறார் கணவர். அது சரிவருமா?

பதில்: விலை ஏறியிருப்பது உண்மைதான், உங்கள் கைமீறிய காரணங்களும் இருக்கின்றன. பொருள் சேவை வரி 2023இல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதனால் எங்கோ மழை பொய்த்தாலும் இங்கே பையில் தெரியும். 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது, அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. பொன்னி சாப்பிடும் வீடுகளில் அது அப்படியே விழுந்தது. மறு ஆண்டு அந்தக் கட்டுப்பாடுகள் விலகிவிட்டன.

ஆனால் 300 வெள்ளி ஏற்றத்துக்கு இவை மட்டும் காரணமாக இருக்க முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது முஸ்தஃபா மேலும் இல்லை, தேக்கா மேலும் இல்லை, அந்தக் கீழ்க் கடை மேல்தான். மாதம் ஒருமுறை வாங்கும் அரிசி பருப்பில் பெரிய மிச்சம் பிடிக்க முடியாது. அது எல்லா வீட்டிலும் கணக்காகத்தான் வாங்கப்படுகிறது. பணம் கசிவது நடுவாரத்தில். பால் வாங்கக் கீழே இறங்குகிறோம், பாலோடு பிஸ்கட், தயிர்ப் பானம், சலுகை விலையில் கிடந்த இரண்டு பாக்கெட் நகெட்ஸ் என்று பை நிறைந்து மேலே வருகிறது. வீட்டில் ஏற்கெனவே பாதி இருக்கும் சாஸ் பாட்டிலும் அதில் ஒன்று. அவசரத்துக்கு வாங்குவதால் சின்ன பாக்கெட்டாக எடுக்கிறோம், கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அதுதான் அதிக விலை.

எனவே முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். ரசீதுகளை மட்டும் சேர்த்து வையுங்கள். மாதக் கடைசியில் நான்காகப் பிரியுங்கள்: மாதச் சாமான், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கீழ்க் கடை, அப்புறம் சாப்பாட்டில் சேராத சோப்பு, ஷாம்பு, டிஷ்யூ, துணி துவைக்கும் திரவம். கடைசி வகையைப் பிரிப்பது முக்கியம். பல வீடுகளில் சாப்பாட்டுச் செலவு ஏறிவிட்டது என்று நினைப்பதில் ஒரு பங்கு இந்தச் சோப்பும் டிஷ்யூவும்தான்.

அடுத்த மாதத்திலிருந்து கீழ்க் கடைக்கு வாரம் இரண்டே நாள். எந்த நாள் என்பதை நீங்களே குறித்துவிடுங்கள். அது ஃபேர்பிரைஸ் பேரங்காடி என்றால் செவ்வாய்க்கிழமை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 விழுக்காடு தள்ளுபடி உண்டு, நீல நிற சாஸ் (CHAS, சமூகச் சுகாதார உதவித் திட்ட) அட்டை உள்ளவர்களுக்கு வியாழக்கிழமை 3 விழுக்காடு. மாமியாரைக் கூட அழைத்துப் போங்கள். 60 வெள்ளிக்கு வாங்கினால் 2 விழுக்காடு என்பது 1 வெள்ளி 20 காசு, அதில் ஒன்றும் கோட்டை கட்ட முடியாது. ஆனால் செவ்வாய் என்று நாள் குறித்துவிட்டால் திங்கள், புதன், வெள்ளி இறங்க மாட்டோம். மிச்சம் அங்கேதான் வருகிறது. நடுவில் பால் தீர்ந்தால்? நீண்ட நாள் கெடாத பெட்டிப் பால் இரண்டு எப்போதும் அலமாரியில் இருக்கட்டும்.

விலை ஒப்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பொருளுக்கும் கடை கடையாக ஏறி இறங்கினால் ஆள் களைத்துப்போவோம், அடுத்த மாதம் விட்டுவிடுவோம். உங்கள் வீட்டில் அடிக்கடி வாங்கும் இருபது பொருளுக்கு மட்டும் கைபேசியில் ஒரு குறிப்பு வையுங்கள்: அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், பால், முட்டை, வெங்காயம், கோழி இப்படி. பாக்கெட் விலையை எழுத வேண்டாம், கிலோ விலையை எழுதுங்கள். உதாரணத்துக்கு, 500 கிராம் பருப்பு 2 வெள்ளி 40 காசு என்றால் கிலோ 4.80. அதுவே 2 கிலோ பை 8 வெள்ளி 20 காசு என்றால் கிலோ 4.10. சில சமயம் பெரிய பையே கிலோவுக்குக் கூடுதலாக இருக்கும், சலுகை ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாலும்கூட. இந்த இருபதும் மனதில் பதிந்துவிட்டால் எது உண்மையான மலிவு என்று கண் பார்த்ததும் தெரியும். பயனீட்டாளர் சங்கம் 2019இல் வெளியிட்ட ‘பிரைஸ் காக்கி’ செயலியில் அக்கம்பக்கத்துக் கடைகளின் விலையையும் பார்க்கலாம்.

பெரிய பை வாங்குவதில் இங்கே ஒரு சிக்கல், வண்டு. நம் ஊர் ஈரக் காற்றில் ரவை, கடலை மாவு, பயறு எல்லாம் சீக்கிரம் பூச்சி பிடிக்கும். வாங்கி வந்ததும் பையோடு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, ஈரம் உலர்ந்த பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். முட்டையும் புழுவும் அதில் செத்துவிடும். மசாலாத் தூளை மட்டும் பெரிதாக வாங்காதீர்கள். மல்லித்தூள் மூன்று மாதத்தில் வாசம் போய்விடும், அப்புறம் இரண்டு கரண்டிக்கு மூன்று கரண்டி போட வேண்டியிருக்கும். முழு மல்லி, மிளகு, சீரகம் நாள்பட இருக்கும்.

கடைகளின் சொந்த முத்திரைப் பொருள்களைத் தயங்காமல் எடுங்கள். சர்க்கரை, உப்பு, சமையல் எண்ணெய், கோதுமை மாவு, டிஷ்யூ, பாத்திரம் கழுவும் திரவம் ஆகியவற்றில் முத்திரைக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு நான் எந்தப் பலனும் பார்த்ததில்லை. காப்பித்தூள், சாம்பார்பொடி வேறு கதை. வீட்டுக்குப் பிடித்த ருசியை மாற்றினால் அந்தப் பாக்கெட் மூலையில் கிடக்கும், பழையதையே மறுபடி வாங்குவோம்.

வாரத்தில் மூன்று நான்கு நாள் இட்லி, தோசை சாப்பிடும் வீடு என்றால் மாவில் நல்ல மிச்சம் இருக்கிறது. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். அந்த அரிசி உளுந்தின் விலையையும் மூன்று பாக்கெட் மாவின் விலையையும் உங்கள் ரசீதிலேயே பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிரைண்டர் இல்லாதவர்கள் இதற்காக வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன், நல்ல மிக்ஸியில் குளிர்ந்த தண்ணீர் விட்டு இரண்டு தவணையாக அரைக்கலாம். வேலைக்குப் போகும் பெண் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை. சனிக்கிழமை ஊறவைப்பதும் அரைப்பதும் கணவர் வேலையாக இருக்கட்டும். ஜோகூர் போய்வர ஆகும் நேரத்தைவிட இது குறைவு.

இப்போது காய்கறிக்கு வருவோம், எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. காசு கொடுத்து வாங்கி, குளிர்பெட்டியில் அழுகவிட்டு, குப்பைக் குழாயில் போடும் கீரை இருக்கிறதே, அதுதான் உலகத்திலேயே விலை உயர்ந்த கீரை. தேக்காவில் மலிவாக இருக்கிறதென்று ஏழு நாளைக்கும் சேர்த்து வாங்குகிறோம். புதன்கிழமைக்குள் இலைக் காய்கள் வாடிவிடும், வியாழன் மறுபடி கீழ்க் கடை. எதை முதலில் சமைப்பது என்று ஒரு வரிசை வையுங்கள். ஞாயிறு, திங்கள் கீரை, கங்கோங், கொத்தமல்லித் துவையல். செவ்வாய், புதன் வெண்டை, கத்தரி, பீன்ஸ். அதற்குப் பிறகு முட்டைக்கோஸ், பீட்ரூட், பூசணி, சேனை, வாழைக்காய். வாங்கும்போதே இந்த மூன்று பங்காக வாங்குங்கள். இலைகளைக் கழுவாமல், சமையலறைத் தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வுகளில் வீடுகளில் அதிகம் வீணாவதாகச் சொல்லப்படுபவை சோறு, நூடல்ஸ், ரொட்டி. ரொட்டியை வாங்கிய அன்றே பாதியை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் காலையில் எடுத்து நேரே வாட்டலாம். மீந்த சோற்றைச் சூடு ஆறியதும் அதிக நேரம் வெளியே விடாமல் உள்ளே வையுங்கள், மறுநாள் எலுமிச்சைச் சாதமோ பிள்ளைகளுக்கு முட்டைச் சாதமோ ஆகும்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தேக்கா வருவது அவசியமா என்றும் யோசியுங்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, நல்ல ஆட்டிறைச்சி வேண்டுமென்றால் வரத்தான் வேண்டும், மாதம் இரண்டு முறை போதும். மற்ற வாரம் மார்சிலிங் லேன் ஈரச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை பல மீன் கடைகள் இருக்காது, மற்ற நாள் காலையில் போங்கள். முழுக் கோழியாக வாங்கி வெட்டித் தரச் சொன்னால் துண்டுக் கோழியைவிட மலிவு, எலும்பு சூப்புக்கும் ஆகும். குழம்புக்கு உறைய வைத்த கோழியே போதும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பல வீடுகள் அதற்கு மாறின, குழம்பு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மீன் விலைக்குப் பருவம் உண்டு. சீனப் புத்தாண்டு நெருங்கினால் வவ்வாலும் இறாலும் ஏறும். அந்த இரண்டு வாரம் அவற்றைத் தொடாதீர்கள், கானாங்கெளுத்தி வாங்குங்கள். பிள்ளைகளுக்கு அது இன்னும் நல்லது. ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் மலேசியாவிலிருந்து வரும் கீரைகள் ஏறும். அப்போது முட்டைக்கோஸும் முளைகட்டிய பயறும்.

பற்றுச்சீட்டுகளைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா? 2026 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் வந்த 300 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டில் 150 பேரங்காடிக்கு, 150 உணவங்காடிகளுக்கும் குடியிருப்புப் பேட்டைக் கடைகளுக்கும். இரண்டாவது பாதியைக் காப்பி, பரோட்டாவில் கரைத்துவிடுகிறோம். சிடிசி ஒட்டுத்தாள் இருக்கும் ஈரச்சந்தைக் கடையிலும் மளிகைக் கடையிலும் அதே பாதி செல்லும். மீனுக்கும் காய்கறிக்கும் அதை வையுங்கள். சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டு நிறைவுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டில் உங்களுக்கும் கணவருக்கும் தலா 600, 60 வயதைத் தாண்டிய உங்கள் மாமியாருக்கு 800 கிடைத்திருக்கும். சிங்பாஸ் (அரசின் மின்னடையாளக் கணக்கு) வழியாக அவர் பெயரில் பெறப்பட்டதா, மீதி எவ்வளவு என்று இன்றே பாருங்கள். இரண்டுமே 2026 டிசம்பர் 31 வரைதான். ஒரே மாதத்தில் கொட்டாமல் மாதம் இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பணம் திருப்பித் தரும் கடன் அட்டைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மாதம் இவ்வளவு செலவழித்தால்தான் சலுகை என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அந்தத் தொகையை எட்டுவதற்காக வாங்க ஆரம்பித்தால் நஷ்டம். உங்கள் வழக்கமான செலவே அதை எட்டினால் மட்டும் எடுங்கள், பில்லை முழுதாகக் கட்டுங்கள்.

குறைக்கக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பால், முட்டை, பழம், மீன் நான்கிலும் கை வைக்காதீர்கள். பெட்டிப் பானங்கள், பாக்கெட் நொறுக்குத் தீனி, நகெட்ஸ் இவற்றைப் பாதியாக்குங்கள். இவ்வளவையும் செய்தால் மூன்று மாதத்தில் 900 வெள்ளிக்கு வந்துவிடுவீர்கள் என்பது என் மதிப்பீடு.

ஜோகூர் விஷயம். சாமானுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். ரிங்கிட் கணக்கில் பார்க்கும்போது எல்லாமே மலிவாகத் தெரியும், தேவையில்லாததும் வண்டியில் ஏறும். சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான், பாலத்தில் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் மிச்சம் கரைந்துவிடும். காரில் போனால் எண்ணெய்த் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஆளுக்கு 100 வெள்ளிப் பொருளுக்குத்தான் வரி விலக்கு, அதற்கு மேல் போனால் 9 விழுக்காடு கட்ட வேண்டும். முட்டை ஆளுக்கு 30தான். இறைச்சிக்குக் கட்டுப்பாடு கடுமை, அதை விட்டுவிடுங்கள். எப்படியும் பள்ளி விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் துணி துவைக்கும் திரவம், ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் என்று கெடாத பொருள்களாக, வீட்டிலேயே எழுதிய பட்டியலோடு வாங்கி வாருங்கள். கிலோ விலைக் குறிப்பு கைபேசியில் இருக்கிறதல்லவா, அங்கேயும் அதைத் திறந்து பார்த்துவிட்டே எடுங்கள்.