பாம்புக்கடிச் சாவைத் தடுக்க ஊர்க்காரர்களாகவே ஏதாவது செய்ய முடியுமா? விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால் போதுமா?

கூட்டம் மட்டும் போதாது. ராத்திரி யார் வண்டி எடுப்பது என்று பேர் சொல்லி முடிவு செய்யுங்கள். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் உங்கள் ஊரிலும் சமீபத்தில் யாரோ போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

என் சித்தப்பாவைக் கடித்தது கட்டுவிரியன். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடிகாலையில் வயிற்றைப் பிசைகிறது என்று எழுந்தவருக்குச் சித்தி ஓமத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் இறங்கிவிட்டது, திறக்க முடியவில்லை, பேச்சு குழறியது. பிறகு மந்திரிக்கிற தாத்தா வீடு, பிறகு வண்டிக்கு அலைச்சல். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றது. உள்ளே மருந்து இருந்தது.

காரியம் முடிந்த கையோடு தெருப் பையன்கள் முறை வைத்துக்கொண்டோம். முறைக்காரர்கள் வண்டியில் பெட்ரோல் இருக்க வேண்டும், போன் அணையக் கூடாது. கடிபட்டவரை ஓட்டுகிறவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்கிறவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கிளம்புவோம். 108-க்கும் சொல்லி எதிரே வரச் செய்வோம். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கிடையாது. மூன்று பேர் போவது குற்றம் என்று எழுத வருகிறவர்கள் ஒருமுறை எங்கள் ஊரில் ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். நேபாளத்தில் டமக் பக்கம் இப்படி பைக் தொண்டர்களை வைத்து, மக்களுக்கும் சொல்லிக் கொடுத்ததில் கடிபட்டவர்களில் இறப்பு 10.5 சதவீதத்திலிருந்து 0.5-ஆகக் குறைந்தது. 2013-லேயே ஆய்வாக வந்திருக்கிறது.

மந்திரிக்கிறவரை நாங்கள் ஒதுக்கவில்லை. நம்பிக்கையைக் கேவலப்படுத்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முறைக்காரர்கள் நம்பர் அவர் வீட்டுச் சுவரில்தான் கரியால் எழுதியிருக்கிறது. யார் வந்தாலும் நெற்றியில் திருநீறு வைத்து, "தம்பி, வண்டிய எடு, நான் இங்கேர்ந்தே மந்திரிக்கிறேன்" என்கிறார். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள்கூட அவர் சொன்னால் ஏறி உட்காருகிறார்கள்.

வீட்டுக்குள் வேலை மகளிர் குழுவுடையது. விறகையும் வரட்டியையும் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி வைக்கச் செய்தார்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். இதைச் சொல்லித் தருவதற்காக வீடு வீடாகப் போய்ப் பாயில் படுத்தே காட்டினார்கள்.

ஆனால் அறுவடைக் காலத்தில் ஒன்றும் செய்ய முடிவதில்லை. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு எங்கள் ஆட்கள் நாள் கணக்கில் தார்ப்பாயில் படுத்துக் கிடக்கிறார்கள். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இதில் சாக்கு இல்லை, ஈரப்பதம் கூட என்று இழுத்தடிப்பு. மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டினால்தான் எடை போடுகிறார்கள். விளைவித்தவன் வாசலில் படுத்துக் கிடக்க வேண்டுமா? வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது நல்ல காரியம். ஆனால் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. எந்த அரசு மருத்துவமனையில் ராத்திரியும் டாக்டரும் விஷமுறிவு மருந்தும் இருக்கும் என்று பகலிலேயே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். பக்கத்தில் இருப்பதுதான் சரி என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஒன்றைத் தாண்டித்தான் போகிறோம்.