டேமேஜ், ஹார்ம், ஹர்ட், இஞ்சூரி: எதற்கு எதைப் போடுவது?

கேள்வி: அகராதியில் இந்த நாலு சொல்லுக்கும் சேதம், தீங்கு, காயம் என்றே மாறி மாறிப் போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது எதை எங்கே பயன்படுத்துவது?

விபத்து வழக்குக் காகிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த நாலும் தினமும் என் மேஜைக்கு வரும் சொற்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அடி எதன் மேல் விழுந்தது என்று பாருங்கள். பஸ் மரத்தில் மோதினால், பஸ்ஸுக்குச் சேதம், டிரைவருக்குக் காயம் என்கிறோம். பஸ்ஸுக்குக் காயம் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலமும் அப்படித்தான். பொருளுக்கு வருவது டேமேஜ், உடம்புக்கு வருவது இஞ்சூரி. ஹர்ட் என்பதில் வலி முன்னால் நிற்கும். மனசு புண்பட்டாலும் அதே சொல்தான். ஹார்ம் எல்லாவற்றையும் விட அகலமானது. நம்முடைய கெடுதல், தீங்கு மாதிரி. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. புகை பிடிப்பது செய்வது ஹார்ம்.

உடல் உறுப்பைத் தனியாகப் பேசும்போது மட்டும் டேமேஜ் உள்ளே வரும். லிவர் டேமேஜ், நர்வ் டேமேஜ் என்று டாக்டர்கள் எழுதுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹெட் இஞ்சூரி’ என்று இருந்தால் தலையில் பட்ட அடி. ‘பிரெயின் டேமேஜ்’ என்றால் மூளையே பாதிக்கப்பட்டிருக்கிறது. முதலாவதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சரி, இப்போது நம்மவர்கள் அதிகம் தவறும் இடம். டேமேஜ் என்பதற்கு, சேதம் என்ற பொருளில், பன்மை கிடையாது. எவ்வளவு பெரிய சேதமானாலும் டேமேஜ்தான். கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்த்து ‘டேமேஜஸ்’ ஆக்கினால் அது வேறு சொல்: நஷ்ட ஈடு. கோர்ட் கொடுக்கச் சொல்லும் பணம். ‘வெள்ளத்தால் எங்கள் ஊருக்கு நிறைய டேமேஜஸ்’ என்று ஆங்கிலத்தில் மனு எழுதினால், வெள்ளத்தால் ஊருக்கு நிறைய நஷ்ட ஈடு என்று அர்த்தம் திரும்பிவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மனுவில் ‘மூன்று லட்சம் ரூபாய் டேமேஜஸ்’ என்று இருந்ததை ‘மூன்று லட்சம் ரூபாய் சேதங்கள்’ என்று பெயர்த்துவிட்டேன். கையெழுத்துக்கு முன் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மகனுக்குக் கால் முறிந்த வழக்கு. அவர் பாதியில் நிறுத்தினார். “ஏன் தம்பி, எங்ககிட்ட வண்டியே கிடையாதே. என் பையன் ரோட்டோரம் நடந்துதானே போனான். மூணு லட்சத்துக்கு எது சேதமாச்சு?” எனக்குப் பதில் வரவில்லை. அன்று அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

சட்டத்துக்குள் போனால் இந்தச் சொற்களுக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் ஹர்ட் என்றால் உடல் வலி, நோய் அல்லது பலவீனம் மட்டும். மனசு வலித்ததற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே. கொடுங்காயம் (கிரீவியஸ் ஹர்ட்) எது என்பதற்கு எட்டு வகை சொல்கிறார்கள். அதில் எலும்பு முறிவோடு பல் உடைவதும் சேரும். அடிபட்டவரைப் பார்த்து டாக்டர் எழுதித் தரும் வூண்ட் சர்ட்டிபிகேட்டைப் பார்த்தால் புரியும். முழங்கையில் பெரிய சிராய்ப்பு, ரத்தம் நிறையப் போயிருக்கிறது, கீழே ‘சிம்பிள்’ என்று இருக்கும். அடுத்த ஆளுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கும், கீழே ‘கிரீவியஸ்’ என்று இருக்கும். குடும்பத்தார் டாக்டர் மேல் கோபப்படுவார்கள். அவர் வலியை அளக்கவில்லை, சட்டத்தின் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அதே சட்டத்தில் ‘மிஸ்சீஃப்’ என்று ஒரு குற்றம் உண்டு. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அது குறும்பு. சட்டத்தில், அடுத்தவருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே சொத்தை நாசம் செய்வது. எஃப்.ஐ.ஆரில் அதைக் குறும்பு என்று பெயர்த்தால் வழக்கே சிரிப்பாகிவிடும்.

இஞ்சூரி எனக்குப் பிடித்த சொல். லத்தீனில் ‘இன்ஜூரியா’ என்றால் நியாயமல்லாதது, உரிமையை மீறியது. டேமேஜுக்கு மூலம் ‘டாம்னம்’, இழப்பு. இரண்டும் தனித்தனியாக நடக்கலாம் என்பதற்குச் சட்டக் கல்லூரியில் சொல்லும் வழக்கு 1703-இல் இங்கிலாந்தில் நடந்த ஆஷ்பி எதிர் ஒயிட். ஆஷ்பியை ஓட்டுப் போட விடவில்லை. அவர் ஆதரித்த வேட்பாளர் எப்படியும் ஜெயித்துவிட்டார். அப்படியானால் இழப்பு எங்கே? இழப்பு இல்லை, ஆனால் உரிமை பறிபோனது, அதற்கே ஈடு உண்டு என்று முடிவானது. எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் டீக்கடைக்கு எதிரே இன்னொருவர் கடை போட்டு உங்கள் வியாபாரம் படுத்தால் இழப்பு நிஜம், ஆனால் யாரும் உங்கள் உரிமையை மீறவில்லை. வழக்கு நிற்காது.

மற்றவை சுருக்கமாக. ஸ்பாயில் என்பது பால் கெடுவதற்கும் பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதற்கும். சிங்கப்பூர், மலேசியாவில் போன், லிஃப்ட் எது பழுதானாலும் ஸ்பாயில் என்பார்கள். அங்கே அது சாதாரணப் பேச்சு, வெளியே எழுதும்போது தவிருங்கள். ‘ரீக் ஹேவக்’ என்று ஒரு தொடர் உண்டு, பெருநாசம் செய்வது என்று பொருள். ஹேவக் பழைய போர்க்களத்தில் கொள்ளையடிக்க வீரர்களை அவிழ்த்துவிடும் கூவல். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டதே, அதற்குப் பொருந்தும். ஒரு ஜன்னல் உடைந்ததற்குப் போடாதீர்கள்.

ஒரு சொல்லை மட்டும் நான் பெயர்க்க மறுக்கிறேன். போர்ச் செய்திகளில் வரும் ‘கொலாட்டரல் டேமேஜ்’. குண்டு குறி வைத்த இடத்தில் விழும்போது பக்கத்து வீட்டில் இருந்தவர்களும் செத்துப்போனால் ராணுவங்கள் இப்படி எழுதுகின்றன. டேமேஜ் பொருளுக்கு உரிய சொல் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதை மனிதர்கள் மேல் போட்டால் அவர்கள் சுவரும் ஜன்னலும் ஆகிவிடுகிறார்கள். ‘பக்கச் சேதம்’ என்று தமிழில் போடச் சொல்லி என்னிடம் ஒருமுறை கேட்டார்கள். ‘பொதுமக்கள் ஆறு பேர் பலி’ என்று எழுதிக் கொடுத்தேன்.