எல்லாவற்றையும் தாங்கும் ஒரே நெல் ரகம் ஏன் இன்னும் வரவில்லை?

வறட்சி, வெள்ளம், உப்பு, வெப்பம் இவற்றைப் பயிர்கள் எப்படித் தாங்குகின்றன, எல்லாவற்றையும் தாங்கும் ஒரே ரகத்தை விஞ்ஞானிகள் ஏன் உருவாக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பயிர் உடலியல்தான் என் வேலை. பல வருடங்களாக நெல்லோடுதான் இருக்கிறேன், அதனால் பெரும்பாலும் நெல்லை வைத்தே சொல்கிறேன்.

'தாங்குகிறது' என்ற சொல்லில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. செடி உயிரோடு நின்றதா என்பது ஒரு கேள்வி. கதிரில் மணி பிடித்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் நான் குழப்பிக்கொண்டு ஒரு முழுப் பருவத்தை இழந்திருக்கிறேன்.

ஆராய்ச்சிக்கு வந்த புதிதில், பசுமைக்குடிலில் நிறைய நெல் வகைகளைத் தொட்டிகளில் வளர்த்து, ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்தினேன். எது கடைசிவரை பச்சையாக நிற்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. மற்றவை இலை சுருண்டு கிடந்தபோது மூன்று வகைகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த பருவத்தில் அவற்றை வயலில் போட்டு, பூக்கும் நேரத்தில் நீரை நிறுத்தினோம். அறுவடையில் மூன்றும் கடைசி இடங்களில்தான் வந்தன.

காரணம் மிக எளிது. அந்த மூன்றும் இலைப்பரப்பு குறைந்த சிறிய செடிகள். தொட்டியில் இருந்த தண்ணீரை மெதுவாகச் செலவழித்திருக்கின்றன. மற்ற தொட்டிகள் காய்ந்துபோன நாளில் இவற்றின் மண்ணில் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது. அதாவது அவை வறட்சியைத் தாங்கவே இல்லை, அவற்றுக்கு வறட்சி இன்னும் வந்துசேரவில்லை. தொட்டிகளைத் தினமும் எடை போட்டிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். அப்புறம் எந்தச் சோதனையிலும் எடை போடாமல் விட்டதில்லை.

இப்போது வயலில் வறட்சியை அளக்க விடியலுக்கு முன்பே போய்விடுவோம். இலையை வெட்டி, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி ஓர் உலோகக் கலத்துக்குள் வைத்து, உள்ளே வாயு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வெட்டுமுனை ஈரமாகிப் பளபளக்கும். அந்த நொடியில் இருக்கும் அழுத்தத்தை வைத்து, செடி எவ்வளவு சிரமப்பட்டு மண்ணிலிருந்து நீரை இழுத்துக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் துளி தெரியும் நொடி எனக்கு அலுக்கவில்லை.

சரி, செடி என்ன செய்கிறது? மண் காயத் தொடங்கியதும் ஆப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதன் உடலில் கூடுகிறது. 1960களிலிருந்தே தெரிந்த பொருள்தான், ஆனால் செல் அதை எந்தப் புரதத்தால் உணர்கிறது என்பது 2009இல்தான் தெளிவானது. அந்த ஹார்மோன் வந்ததும் இலைத்துளைகளைக் காக்கும் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். துளையை மூடிக்கொண்ட செடி உயிர் பிழைக்கும், மாவுச்சத்து சேர்க்காது. அதனால் சீக்கிரம் மூடிக்கொள்ளும் ரகம் நல்ல ரகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வேரைக் கீழே இறக்குவது இன்னொரு வழி. கினாண்டாங் படோங் என்ற மேட்டுநில நெல்லிலிருந்து வந்த டிஆர்ஓ1 மரபணு வேர் இறங்கும் கோணத்தைச் செங்குத்தாக்குகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் ஆழத்தில் ஈரம் இருக்கும் மண்ணில்தான் அதற்குப் பலன்.

இந்தத் துறையில் என்னை மிகவும் கட்டிப்போட்ட கதை வெள்ளத்தைப் பற்றியது. நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான், ஆனால் முழுவதும் மூழ்கினால் பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரம், பத்து நாளில் செத்துவிடும். ஒடிசாவின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற வகையோ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் நீர் வடிந்ததும் துளிர்த்துவிடும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். டேவிட் மெக்கில், பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செர்ரெஸ் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து செய்த வேலை அது.

மூழ்கிய நெல்லுக்குள், செடியே உண்டாக்கும் எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு வெளியேற வழியில்லாமல் தேங்கும். சாதாரண ரகம் அதை உணர்ந்ததும், எப்படியாவது நீர்மட்டத்துக்கு மேலே தலையை நீட்டிவிட வேண்டும் என்று சேமிப்பில் உள்ள சர்க்கரையையெல்லாம் எரித்து நீளும். வெள்ளம் வடியும்போது ஒன்றும் மிச்சமில்லாமல் சாய்ந்துவிடும். சப்1ஏ இருக்கும் செடி அதே எத்திலீனைக் கண்டதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சர்க்கரையைக் கட்டிவைத்துக்கொண்டு அப்படியே காத்திருக்கும். இதற்கு நேர்மாறாக, மாதக்கணக்கில் நீர் வடியாத இடங்களில் வளரும் ஆழ்நீர் நெல்லில் ஸ்நார்கெல் என்று பெயரிட்ட இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. 2009இல் கண்டுபிடித்தார்கள். எத்திலீன் வந்தால் அவை 'நீளு' என்கின்றன. அந்த நெல் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். ஒரே வாயு, ஒரே குடும்பத்து மரபணுக்கள், ஆனால் இரண்டு எதிரெதிர் கட்டளைகள். இரண்டு வாரத்தில் வடியும் வெள்ளத்தில் ஆழ்நீர் நெல்லின் குணம் வீண் செலவு. வடியாத நீரில் சப்1ஏ காத்திருந்தே செத்துப்போகும்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் என் பதில். எந்தக் கஷ்டம், எவ்வளவு நாள், பயிரின் எந்தப் பருவத்தில் என்று கேட்காமல் 'தாங்கும் ரகம்' என்று பேசவே முடியாது. சப்1ஏ வெற்றி பெற்றதற்கும் கேள்வி அவ்வளவு குறுகலாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே பரவலாகப் பயிரிடப்பட்ட சுவர்ணா ரகத்தில், திரும்பத் திரும்பக் கலப்பு செய்து அந்த ஒரு மரபணுப் பகுதியை மட்டும் சேர்த்தார்கள். சுவர்ணா-சப்1 2009இல் இந்தியாவில் வெளியானது. வெள்ளம் வராத வருடத்தில் அது சுவர்ணாவைப் போலவே விளையும். இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் நிறைய மதிப்பெண் கொடுப்பேன்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக: சோடியம் இலைக்கு ஏறாமல் வேரிலேயே பிடித்துவைக்கும் எச்கேடி வகைப் புரதங்கள் இதில் முக்கியம். நோனா போக்ரா என்ற உப்பு தாங்கும் நெல்லில் இப்படியொரு மரபணுவை 2005இல் கண்டார்கள். கோதுமையின் பழைய உறவினர் ஒன்றிலிருந்து இதே வகை மரபணுவைக் கலப்பின் மூலம் கொண்டுவந்தபோது உவர் வயலில் 25 சதவீதம் கூடுதல் விளைச்சல் கிடைத்தது என்று ராணா மன்ஸ் குழுவினர் 2012இல் எழுதினார்கள்.

வெப்பம்தான் எனக்குக் கவலை தருவது. நெல் பூ ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப்பை சரியாக வெடிக்காது, சூலகமுடியில் மகரந்தம் போதுமான அளவு விழாது, மணி பதராகிவிடும். செடியைப் பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். அறுவடைக்குப் பின் கதிர்களை உப்புநீரில் போட்டு, மிதக்கும் பதரையும் மூழ்கும் மணியையும் தனித்தனியாக எண்ணும்போதுதான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் அதிகாலையிலேயே பூத்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தைச் சாகுபடி நெல்லுக்குக் கொண்டுவரும் முயற்சிகள் நடக்கின்றன.

வறட்சியும் வெப்பமும் சேர்ந்து வந்தால் செடியின் நிலை இன்னும் மோசம். இலை குளிர வேண்டுமானால் துளை திறந்து நீர் ஆவியாக வேண்டும், நீரைக் காக்க வேண்டுமானால் துளை மூட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. தனித்தனியாகச் சோதித்து ஜெயித்த வகைகள் இங்கே தோற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் வேலை செய்வது இரவு வெப்பத்தில். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடினால் விளைச்சல் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவில் சுவாசித்தே தீர்த்துவிடுவது ஒரு காரணம், மணி நிரம்பும் விதம் மாறுவது இன்னொன்றாக இருக்கலாம். இந்த இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் பால் பிடிக்கும் பருவத்தில் இரவு இரண்டு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வயலில் நிற்கிறோம். கதிரைச் சின்னக் கண்ணாடி அறைக்குள் வைத்து, அது விடும் கரியமில வாயுவை அளந்துவிட்டு, அதே கதிருக்கு ஓர் அட்டை கட்டிவிட்டு வருவோம். அறுவடையில் அந்த அட்டையைத் தேடி எடுத்து மணிகளை எண்ண வேண்டும். இந்தப் பருவத்துக் கதிர்கள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன.